‘மிஸ்ரா’ என்னும் எபிரெயச் சொல்

கிறிஸ்து பிறப்புப் பண்டிகை நாட்களில் திருச்சபைகளில் தவறாது வாசிக்கப்பெறும் வேதபாகங்களுள் ஏசாயா தீர்க்கதரிசன ஆகமத்தின் ஒன்பதாம் அதிகாரமும் ஒன்று. அதன் ஆறாம் வசனம் ஒரு பாலகனின் பிறப்பைக் கூறி, அவனுக்கு உரிய நாமங்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கிச் செல்கின்றது. ஹேண்டல் என்னும் இசைவாணர் 1741ஆம் ஆண்டில் இயற்றிய ‘மெசியா’ என்னும் இசைக்கோவையில் இவ்வசனம் இடம்பெற்றிருத்தலின், வேதநூற்பயிற்சி மிகுதியும் இல்லாதாரும் இதனைச் செவியால் அறிவர். கேட்பாருடைய உள்ளம் அந்நாமங்களிலேயே ஈடுபட்டு நிற்றல் இயல்பு. அந்நாமங்கள் தொடங்குமுன்னே ஒரு சிறு தொடர் உண்டு. ஆட்சியானது அப்பாலகனுடைய தோளின்மேல் அமைந்தது என்பது அதன் கருத்து. ஆட்சி கையில் இருத்தல் கூடும். முடியில் இருத்தல் கூடும். அரியணையில் இருத்தலும் கூடும். தோளில் இருப்பானேன்? இவ்வினாவை எழுப்பிக்கொண்டு மூலநூலை நோக்குவார்க்கு முதலில் எதிர்ப்படுவது ‘மிஸ்ரா’ என்னும் அருஞ்சொல். அதன் பொருளை இயன்ற அளவு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அருஞ்சொல் என்று யாம் கூறியது வெறும் புனைந்துரையன்று. பழைய ஏற்பாடு முழுவதிலும் இச்சொல் இரண்டே இடங்களில் வருகின்றது. அவ்விரண்டும் அடுத்தடுத்த வசனங்கள். தமிழ் வேதாகமத்தின் எண்முறைப்படி ஏசாயா 9:6, 9:7. (எபிரெய நூலில் ஓரெண் குறைந்து 9:5, 9:6 எனக் காணப்படும், அங்கே நம் ஒன்பதாம் அதிகாரத்தின் முதல் வசனம் எட்டாம் அதிகாரத்தின் இறுதியோடு சேர்த்து எண்ணப்பெறுவதே இதற்குக் காரணம்.) ஆட்சியைக் குறிக்க எபிரெய மொழியில் வேறு சொல் இல்லாமையால் தீர்க்கதரிசி இதனை எடுத்தார் என்று கூறுதற்கும் இடமில்லை. ‘மெலெக்’ என்னும் அரசனைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்த ‘மல்கூத்’, ‘மம்லாகா’ என்பன உள. ஆளுதல் என்னும் பொருளுடைய வினையினின்று பிறந்த ‘மெம்ஷாலா’ உளது. பிரசங்கியின் நூலில் வரும் ‘ஷில்தோன்’ என்பதும் உளது. இறுதியிற் கூறியதன் உறவினராகவே அரபு நாட்டாரின் ‘சுல்தான்’ நமக்கு அறிமுகமானார். இத்தனை சொற்கள் கைவசம் இருக்க, வேறெவரும் எழுதாத ஒன்றை ஏசாயா தேர்ந்தெடுத்தார்.

அரிய சொற்களுக்கு நேரும் இடர் ஒன்றுண்டு. பலகாலும் வழங்கும் சொல்லைப் படிப்போர் தடுமாறுவதில்லை; எப்போதோ ஒருகால் வருவதனை எழுதுவோரும் படிப்போரும் வேறொன்றாக மயங்குவர். பண்டை எபிரெயம் மெய்யெழுத்துக்களாலேயே பெரிதும் எழுதப்பெற்றது. நம் நாட்டு ஓலைச்சுவடிகளிற் புள்ளியின்றி எழுதப்பெற்றவற்றைப் படித்தறிய முயன்ற மாணவர்க்கு அந்நிலையை விளக்க வேண்டுவதில்லை. ‘ஸ’கரமும் ‘ஷ’கரமும் அங்கே ஓரெழுத்தாகவே நிற்கும். புள்ளி வலப்புறத்தே இருப்பின் ஷகரம், இடப்புறத்தே இருப்பின் ஸகரம் என்னும் வேறுபாடு, திபேரியாவில் வாழ்ந்த மசோரா அறிஞர் கி.பி. பத்தாம் நூற்றாண்டளவில் முற்றுவித்த குறியீட்டு முறையாற் கிடைத்தது. புள்ளியை எடுத்துவிட்டால் நம் ‘மிஸ்ரா’வும், எண்ணாகமம் 6:3இல் நசரேய விரதங் காப்போர்க்கு விலக்கப்பட்ட, திராட்சப்பழத்தை ஊறவைத்த நீரைக் குறிக்கும் ‘மிஷ்ரா’வும் எழுத்தால் ஒன்றே. ஆட்சிக்கும் பழச்சாற்றுக்கும் இடையே நிற்பது ஒரு புள்ளி!

1947ஆம் ஆண்டில் சாக்கடலின் அருகே கும்ரான் மலைக்குகையில் ஏசாயாவின் ஆகமம் முழுவதும் அடங்கிய தோற்சுருள் ஒன்று கிடைத்தது. அது கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்தது. அதனை எழுதியவர் இவ்விரண்டு இடங்களிலும் நடுவே ஓர் எழுத்தைக் கூட்டி, ‘மெஸூரா’ என்றோ ‘மெஸோரா’ என்றோ ஒலிக்குமாறு எழுதியுள்ளார். இதனால், மசோரா அறிஞர் கேட்ட ஒலியும் அவர்க்கு ஆயிரம் ஆண்டு முற்பட்ட எழுத்தாளர் கேட்ட ஒலியும் ஒன்றாக இருந்தில என்பது தெளிவு. அவர் எழுதிய வடிவம், லேவியராகமம் 19:35இல் முகத்தலளவையைக் குறிக்கும் சொல்லோடு எழுத்தளவில் ஒத்திருக்கின்றது. இதனைக்கொண்டு ‘அளவை’ என்று பொருள் கூறப் புகுதல் மிகை. பாட்டின் போக்கு அதற்கு இடந்தராது. அச்சொல் எழுத்தாளர்க்கும் புதிதாயிருந்தது என்பதற்கு மட்டும் அதனைச் சான்றாகக் கொள்வாம்.

இனிச் சொற்பிறப்பை நோக்குவாம். எபிரெயச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்களாலாகிய வேரினின்று தோன்றுவன. ‘மிஸ்ரா’வின் முதலில் நிற்கும் மகரம் முன்னொட்டு. அதனை நீக்கின் எஞ்சுவது எவ்வேர் என்பதே வினா. பொருளை நோக்குவோர், ‘ஸார்’ என்னும் சொல்லுக்கு அடியாகிய ஸ-ர-ர என்னும் வேரைக் காட்டுவர். ‘ஸார்’ என்றால் தலைவன், அதிபதி, பிரபு. அதன் பெண்பாலே ஆபிரகாமின் மனைவியாகிய சாராளின் பெயர். (நாம் ஆசிரியரை விளிக்கும் சொல்லோடு இஃது ஒலியால் ஒத்திருத்தல் தற்செயலே, இவ்வொற்றுமையைக் கொண்டு யாரும் மொழிக்குடும்பம் ஒன்று கட்டிவிட வேண்டா.) ஆகவே ‘மிஸ்ரா’ என்பது தலைமை, அதிபதியாந் தன்மை.

வடிவத்தை நோக்குவோர் இதற்கு உடன்படார். ஈற்றிரு மெய்யும் ஒன்றாயுள்ள வேர்கள் இவ்வாறு பெயராகும்போது ‘மெகில்லா’ (சுருள்), ‘மெஸில்லா’ (பெருவழி) என நடுமெய் இரட்டித்து வருதல் இலக்கணம். ‘மிஸ்ரா’வோ கட்டளை என்று பொருள்படும் ‘மித்ஸ்வா’வைப்போல், ஹகர ஈற்று வேரினின்று பிறந்ததாகத் தோன்றுகின்றது. அவ்வாறாயின் வேர் ஸ-ர-ஹ. இவ்வேர் வேதத்தில் வருமிடம் மிகச் சில; அவற்றுள் தலையாயது பெனியேலில் யாக்கோபு விடியுமளவும் போராடி, ‘இஸ்ரவேல்’ என்னும் பெயர் பெற்ற வரலாறு. போராடுதல், விடாது நிற்றல் என்பது அங்கே அதன் பொருள்.

வடிவம் ஒருபுறமும் பொருள் மற்றொருபுறமும் இழுக்க, இரண்டையும் இணைப்பார் உண்டோ எனின், ஏசாயாவின் நூற்றாண்டிலேயே வாழ்ந்த ஓசியா தீர்க்கதரிசி உளர். அவர் தம் பன்னிரண்டாம் அதிகாரத்தில் யாக்கோபின் போராட்டத்தை இருமுறை கூறுகின்றார். முதன்முறை ஸ-ர-ஹ வேரின் வடிவமும், மறுமுறை ஸ-ர-ர வேரின் வடிவமுமாக வினை அமைகின்றது. அக்காலத்தார் செவியில் இவ்விரு வேர்களும் ஒன்றோடொன்று கலந்து ஒலித்தன என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. எனவே யாம் ‘ஸார்’ என்பதன் உறவாகவே ‘மிஸ்ரா’வைக் கொள்ளுகின்றேம். அதற்கு வேறொரு வலுவான காரணமும் அவ்வசனத்திலேயே உண்டு. பாலகனுடைய நாமங்களுள் இறுதியாக நிற்பது ‘ஸார் ஷாலோம்’, சமாதானப் பிரபு. தொடக்கத்தில் ‘மிஸ்ரா’, முடிவில் ‘ஸார்’: ஒரு சொல்லின் எதிரொலிபோல மற்றது நிற்கின்றது. ‘மெலெக்’ என்னும் அரசப் பெயரை அப்பாலகனுக்கு ஏசாயா அவ்விடத்தில் சூட்டவில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஆறாம் அதிகாரத்தில் அப்பெயரைத் தாம் கண்ட சேனைகளின் கர்த்தருக்கு உரியதாக்கியவர் அவர்.

‘ஸார்’ என்பவன் யார்? அவன் உயர்ந்தோனாகவும் இருப்பான், எளியோனாகவும் இருப்பான். பார்வோனுடைய அப்பஞ்சுடுவோரின் தலைவன் ஒரு ‘ஸார்’. யோசேப்பை அடைத்துவைத்த சிறைச்சாலையின் அதிகாரியும் ஒரு ‘ஸார்’. மோசே வனாந்தரத்தில் தன்னந்தனியே வழக்குத் தீர்த்துச் சோர்ந்தபோது, அவனுடைய மாமன் எத்திரோ ஆயிரவர்க்கும் நூற்றுவர்க்கும் ஐம்பதின்மர்க்கும் பதின்மர்க்கும் ‘ஸாரீம்’ ஏற்படுத்துமாறு சொன்னான். காரணமும் கூறினான்: அவர்கள் மோசேயோடுகூடச் சுமையைத் தாங்கவேண்டும் என்பது. பத்துப்பேருக்குத் தலைவனாயினும் சுமப்பதற்கே தலைவன். ஆனால் யாத்திராகமத்தின் முதல் அதிகாரமோ இதற்கு நேர்மாறான ‘ஸாரீம்’ சிலரைக் காட்டுகின்றது. எகிப்தியர் இஸ்ரவேலரைச் சுமைவேலையால் ஒடுக்கும்படி அவர்கள்மேல் வைத்த அதிகாரிகளுக்கும் அதே பெயர்தான். சுமையில் தோள்கொடுப்பவனும் ‘ஸார்’, சுமையைத் தோளில் ஏற்றுகின்றவனும் ‘ஸார்’. இவ்விருவருள் ‘மிஸ்ரா’ யாருடைய தன்மை என்பதே நாம் அறியவேண்டுவது.

ஏசாயா தம் காலத்து ‘ஸாரீம்’ பற்றி நல்லது கூறுவது அரிது. முதல் அதிகாரத்தில் எருசலேமின் பிரபுக்கள் முரடர், திருடரின் தோழர், பரிதானப் பிரியர் என்று இடித்துரைக்கின்றார். மூன்றாம் அதிகாரத்திலே, சிறுவரை ‘ஸாரீம்’ ஆக வைப்பதே அந்நகருக்குத் தண்டனை என்கின்றார். சில வசனங்கட்குப்பின் ஒரு விந்தையான காட்சி. ஒருவன் தன் சகோதரனைப் பிடித்துக்கொண்டு, உன்னிடம் மேலாடை ஒன்று இருக்கின்றது, ஆதலின் எங்களுக்கு நீயே தலைவனாயிரு, இந்தப் பாழும் உன் கையின்கீழ் இருக்கட்டும் என்று வேண்டுகின்றான். அவனோ என் வீட்டில் உணவுமில்லை, உடையுமில்லை, என்னை வைக்கவேண்டா என்று மறுக்கின்றான். ஆளுதற்கு ஆள் தேடி அலையும் நாடு! இக்காட்சியை மனத்திற்கொண்டு ஒன்பதாம் அதிகாரத்திற்கு வருவோர்க்கு, சிறுவர் தலைவராதல் தண்டனை என்று கூறிய அதே வாய், பாலகன் ஒருவன் தலைமை ஏற்றான் என்று மகிழ்வது வியப்பைத் தரும். பத்தாம் அதிகாரத்திலோ அசீரியன் தன் ‘ஸாரீம்’ அனைவரும் அரசரல்லரோ என்று செருக்குகின்றான். அவனுடைய அக்காத் மொழியில் ‘ஷர்ரு’ என்பதே அரசனைக் குறிக்கும் சொல். எபிரெயத்தில் அதன் உறவாகிய ‘ஸார்’ அரசனுக்குக் கீழ்ப்பட்டவன். ஓரினச் சொற்களின் இவ்வேற்றத்தாழ்வை ஏசாயா வேண்டுமென்றே அவன் வாயில் வைத்தார் என்று கொள்ளுதல் பொருந்தும்.

இனித் தோளுக்கு வருவாம். அவ்வசனத்தில் நிற்கும் எபிரெயச் சொல் ‘ஷெகெம்’. தோளைக் குறிக்க ‘காதேப்’ என்னும் மற்றொரு சொல்லும் அம்மொழியில் உண்டு. ‘ஷெகெம்’ சிறப்பாக இரு தோள்களையும் அவற்றினிடைப்பட்ட மேல்முதுகையும் குறிப்பது. சுமை வைக்கும் இடம். ஆபிரகாம் ஆகாரை அனுப்பியபோது தண்ணீர்த் துருத்தியை அவள் ஷெகெமின்மேல் வைத்தான். ரெபெக்காள் குடத்தை வைத்துக்கொண்டு வந்ததும் ஷெகெமின்மேலே. எகிப்தினின்று புறப்பட்ட ஜனங்கள் பிசைந்த மாவுள்ள பாத்திரங்களைத் துணியிற் கட்டிச் சுமந்ததும் அதன்மேலே. இசக்கார் சுமப்பதற்குச் சாய்த்ததும் அதனையே. நீரும் மாவும் ஏறிய இடத்தில் ஆட்சியை ஏற்றுகின்றார் தீர்க்கதரிசி.

ஆயினும் இவையெல்லாம் துணைச்சான்றுகளே. தலைமைச்சான்று அதே அதிகாரத்தின் நான்காம் வசனத்தில் உளது. அங்கே ஜனங்கள் சுமந்த நுகமும், அவர்களுடைய ஷெகெமின்மேலிருந்த கோலும், ஆளோட்டியின் தடியும் முறிக்கப்படுகின்றன. பாட்டின் வரலாற்றுப் பின்னணி தெரிந்ததே. கி.மு. 733–732இல் அசீரிய மன்னன் மூன்றாம் திக்லாத்பிலேசர் கலிலேயாவைப் பிடித்து, அங்கிருந்தாரைச் சிறைப்படுத்திக் கொண்டுபோனான். செபுலோன் நாடும் நப்தலி நாடும் இருளடைந்தன. அசீரிய அரசர் தம் கல்வெட்டுக்களில், வென்ற நாட்டார்மேல் அசூர் தேவனுடைய நுகத்தை ஏற்றினோம் என்று பெருமையோடு பொறிப்பது வழக்கம். அந்நுகம் எந்தத் தோளில் இருந்ததோ அச்சொல்லையே இரண்டு வசனங்கட்குப்பின் ஏசாயா மீண்டும் எடுக்கின்றார். முன்னே ஜனங்களுடைய தோளின்மேல் கோல். பின்னே பாலகனுடைய தோளின்மேல் மிஸ்ரா. இடம் ஒன்று, தோளுக்குரியவர் மாறினர். இச்சொல்லொப்புமை மொழிபெயர்ப்பிலும் அழியவில்லை. தமிழிலும் இரண்டிடத்தும் ‘தோள்’ என்றே உளது. எனினும் இடையே ஒரு வசனம் நிற்றலாலும், பண்டிகை நாளில் ஆறாம் வசனத்தையே தனியே எடுத்தாளுதலாலும் நாம் அதனைக் கேளாது போகின்றோம்.

நான்காம் வசனம் மீதியானின் நாளையும் நினைப்பூட்டுகின்றது. மீதியானியரை முறியடித்தவன் கிதியோன். வெற்றிக்குப்பின் ஜனங்கள் அவனை ஆளும்படி வேண்டினர். அவன் நானும் ஆளேன், என் மகனும் ஆளான், கர்த்தரே ஆளுவார் என்று மறுத்தான். அங்கே மும்முறையும் வருவது ‘மெம்ஷாலா’வின் வினை. கிதியோன் மறுத்த சொல்லை ஏசாயா பாலகனுக்கு வழங்கவில்லை.

இதனினும் ஆழ்ந்த நினைவு ஒன்று இப்பாட்டினுள்ளே உறங்குகின்றது என்பது எம் கருத்து. ‘ஷெகெம்’ என்பது தோளைக் குறிப்பதோடு ஓர் ஊரின் பெயரும் ஆம். தமிழ் வேதாகமத்திலே சீகேம் என்று எழுதப்பெறும் ஊர் அதுவே. சாலொமோன் இறந்தபின், ஏறத்தாழ கி.மு. 930இல், அவன் மகன் ரெகொபெயாம் முடிசூட்டிக்கொள்ளச் சென்றது அவ்வூருக்கே. ஜனங்கள் அவனிடம் கேட்டது ஒன்றுதான்: உம்முடைய தந்தை எங்கள்மேல் வைத்த பாரமான நுகத்தை இலகுவாக்கும் என்பது. அவன் முதியோரிடம் ஆலோசனை கேட்டான். இந்த ஜனங்களுக்கு நீர் இன்று ஊழியனாயிருந்தால் அவர்கள் என்றும் உமக்கு ஊழியராயிருப்பர் என்றார்கள். அதனைத் தள்ளி, தன்னோடு வளர்ந்த இளைஞரைக் கேட்டான். நுகத்தை இன்னும் பாரமாக்கும் என்றனர் அவர்கள். அதன்படியே செய்தான், பத்துக் கோத்திரங்கள் தாவீதின் வீட்டை விட்டுப் பிரிந்தன, கட்டாய வேலைக்கு மேலதிகாரியாகிய அதோராம் கல்லெறியுண்டு மாண்டான்.

அவ்விளைஞரைக் குறிக்க மூலநூல் ஆளும் சொல் ‘யெலாதீம்’. அதன் ஒருமை ‘யெலெத்’. ஏசாயா 9:6இல் பிறந்ததாகக் கூறப்படும் பாலகனும் ‘யெலெத்’ தான். அங்கே நுகம், இங்கே நுகம். அங்கே ஆலோசனை, இங்கே பாலகனுடைய முதல் நாமத்திலேயே ஆலோசனை. அங்கே சீகேம் என்னும் ஊர், இங்கே ஷெகெம் என்னும் தோள். அங்கே உடைந்தது தாவீதின் அரியணை. இங்கே ஏழாம் வசனத்தில் நிலைநிறுத்தப்படுவதும் அதுவே. ஏசாயா இவற்றையெல்லாம் எண்ணியே எழுதினாரோ எனின், நெஞ்சைத் திறந்து காட்டவல்லார் யாருமிலர். ஆனால் எப்பிராயீம் யூதாவைவிட்டுப் பிரிந்த நாளை இரண்டு அதிகாரங்கட்குமுன் 7:17இல் அவரே பெயர்கூறி நினைப்பூட்டுகின்றார் என்பதனை மறத்தலாகாது. அப்பிரிவினை யூதாவின் மக்களுக்கு ஆறாத புண். அதனை அறிந்தோர் இப்பாட்டைக் கேட்டபோது, நுகத்தை ஜனங்களின் தோளிலே கூட்டிய அரசனுக்கு எதிரே, ஆட்சியைத் தன் தோளில் ஏற்ற ஒருவனைக் கண்டிருப்பர்.

இக்கொள்கையை மறுப்போரும் உளர். தோளின்மேல் ஆட்சி என்பது சுமையன்று, அணி. அரசனுடைய மேலாடை தோளிலே விளங்குவதனையோ, தோளிற் சாத்திய செங்கோலையோ அது சுட்டும் என்பர் அவர். அவர்க்குத் துணையாவது ஏசாயா 22:22. அங்கே இல்க்கியாவின் குமாரனாகிய எலியாக்கீமுக்கு அரண்மனை விசாரிப்பு கொடுக்கப்படுகின்றது. அங்கியும் இடைக்கச்சையும் தரப்படுகின்றன. தாவீது வீட்டின் திறவுகோல் அவன் ஷெகெமின்மேல் வைக்கப்படுகின்றது. திறவுகோல் பதவியின் அடையாளம் என்பதை யாமும் மறுக்கிலேம். (அவனுக்குமுன் அப்பதவியிலிருந்த செப்னா, மலையிலே தனக்கென்று கல்லறை வெட்டிக்கொண்டதற்காகக் கடிந்துகொள்ளப்பட்டவன். எருசலேமின் எதிரேயுள்ள சில்வான் ஊரில் 1870இல் கண்டெடுக்கப்பெற்ற கல்லறை வாசகம் ஒன்று, அரண்மனை விசாரிப்புக்காரன் ஒருவனுடையது. பெயரின் முற்பகுதி சிதைந்துபோயிற்று. அவன் செப்னாவே என்று கருதுவார் பலர். அக்கல் இப்பொழுது பிரிட்டிஷ் பொருட்காட்சிச்சாலையில் உளது.) ஆனால் மறுப்போர் அடுத்த மூன்று வசனங்களையும் வாசித்தல் வேண்டும். எலியாக்கீம் உறுதியான இடத்தில் அடித்த முளையாவான். அவன் தந்தை வீட்டாருடைய பாரம் அனைத்தையும், சிறு கிண்ணம் முதல் குடங்கள் ஈறாக எல்லாப் பாத்திரங்களையும், அதன்மேல் மாட்டுவார்கள். முடிவில் அம்முளை பிடுங்குண்டு விழும், அதன்மேலிருந்த பாரமும் அற்றுப்போம். பதவி ஒரு பாரந்தாங்கி என்பதும், சுற்றத்தாரெல்லாம் தம் பாத்திரங்களைக் கொண்டுவந்து மாட்டின் அது தாங்காது என்பதும் ஏசாயாவுக்கு நன்கு தெரியும். ஆகவே அணியெனக் கொள்வார் காட்டும் சான்றே சுமையிற் சென்று முடிகின்றது.

பழைய உரைகாரர் என் செய்தனர் என்பதையும் சிறிது காண்பாம். கிரேக்க மொழிபெயர்ப்பாளர் இரண்டிடத்தும் ‘ஆர்க்கே’ என்றனர். அதற்குத் தொடக்கம் என்றும் ஆட்சி என்றும் பொருள். நம் ‘முதல்’, ‘முதல்வன்’ என்பவற்றின் உறவை நோக்குவார்க்கு இது புதுமையன்று. எரோனிமு இலத்தீனில் முதலிடத்தில் ‘பிரின்கிபாத்துஸ்’ என்றும், அடுத்த வசனத்தில் ‘இம்பேரியும்’ என்றும் வெவ்வேறாக மொழிபெயர்த்தார். மூலத்தில் இரண்டே முறை வரும் சொல்லின் ஒருமை அதனாற் சிதைந்தது. அரமேயத் தர்கூமோ, பாலகன் வேதப்பிரமாணத்தைக் காக்கும்படி தன்மேல் ஏற்றுக்கொண்டான் என்று விரித்தது. பதினொன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத உரையாசிரியர் ராஷி, பாலகனை எசேக்கியா அரசனாகக் கொண்டு, பரிசுத்தருடைய தலைமையும் நுகமும் அவன் தோளிலே இருந்தன என்று உரைத்தார். பாலகன் யாரென்பதில் யூதரும் கிறிஸ்தவரும் வேறுபடினும், தோளின்மேலிருந்தது பாரம் என்பதில் ராஷியின் உரை எமக்கு அரணாகின்றது. எசேக்கியாவைப்பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. ஏழாம் வசனத்தில் ‘மிஸ்ரா’வுக்கு முன் நிற்கும் சொல்லின் நடுவே, சொல்லிறுதியில் மட்டும் எழுதப்பெறும் மூடிய மகரம் எழுதப்பட்டிருக்கின்றது. தல்மூதின் அறிஞர் அதற்கும் காரணம் கண்டனர்: தேவன் எசேக்கியாவை மேசியாவாக்க எண்ணி, பின் அவ்வெண்ணத்தை அடைத்துவிட்டார், அதனால் எழுத்தும் அடைபட்டது என்பர். உரை நயமுடையதே, எழுத்துப்பிழையாகவும் இருக்கலாம் என்று எண்ணுவாரை யாம் குறைகூறோம்.

தமிழில் நிகழ்ந்தது தனியே கருதத்தக்கது. பவர் ஐயர் தலைமையிற் குழுவினர் திருத்தியமைத்து 1871இல் வெளிவந்த வேதாகமம் இரண்டிடத்தும் ‘கர்த்தத்துவம்’ என்று ஒரே சொல்லை வைத்தது. எரோனிமு செய்யாததை அவர்கள் செய்தனர். கர்த்தா என்பது செய்பவன். நம் இலக்கண நூலார் வினைமுதலைக் கருத்தா என்பர். அதன் தன்மையே கர்த்தத்துவம். ஆட்சி என்பதனை ‘செய்பவனாயிருத்தல்’ என்று கூறும் மொழி அழகிது. அன்றியும் மூலத்தில் ‘மிஸ்ரா’வும் ‘ஸார்’உம் எதிரொலிப்பதுபோல, தமிழில் ‘கர்த்தத்துவம்’ என்பது அடுத்துவரும் ஆலோசனைக்கர்த்தாவோடும், ஏழாம் வசனத்தின் சேனைகளின் கர்த்தரோடும் எதிரொலிக்கின்றது. எதிரொலி இடம் மாறியதேயன்றி இழக்கப்படவில்லை. குறை ஒன்று உண்டு. தமிழ்ச்சொல் மூலச்சொல்லைப்போல் அரியதன்று. தானியேல் ஏழாம் அதிகாரத்திலும் கொலோசெயர் முதலதிகாரத்திலும் அது வருகின்றது.

கொலோசெயரின் அவ்விடத்தில் கர்த்தத்துவங்களை அடுத்து ‘துரைத்தனங்கள்’ நிற்கின்றன. அங்கே கிரேக்கம் ‘ஆர்க்கே’யின் பன்மை. கிரேக்கத்தைப் பின்பற்றி ஏசாயாவிலும் அதனையே வைத்திருப்பாராயின், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில அரசாங்கத்தாரைத் துரைத்தனத்தார் என்று வழங்கிய நம் முன்னோர் பாலகனுடைய தோளின்மேல் எதனைக் கண்டிருப்பர் என்று எண்ணிப்பார்த்தல் இன்பந்தரும். வைக்காதது நன்றாயிற்று. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் ‘ஆட்சிப் பொறுப்பு’ என்கின்றது. பொறுத்தல் சுமத்தலாதலின், தோளுக்கு இதனினும் இசைந்த சொல் தமிழிற் காண்டல் அரிது. ஆனால் அம்மொழிபெயர்ப்பே ‘ஸார் ஷாலோம்’ என்பதற்கு அமைதியின் அரசர் என்று எழுதி, ஏசாயா சூட்டாத முடியைச் சூட்டிவிட்டது. பழையதில் நின்ற ‘பிரபு’ என்பதே எமக்கு உவப்பாகின்றது.

இருபத்தேழு நூற்றாண்டுகட்குமுன் இருமுறை எழுதப்பட்ட சொல் இறந்துபடவுமில்லை. எபிரெயம் மீண்டும் பேச்சுமொழியானபோது ‘மிஸ்ரா’வுக்கு ஒரு வேலை கிடைத்தது, வேலை என்பதே அதன் பொருளாயிற்று. முயற்சி என்று பொருள்படும் வடசொல்லாகிய உத்தியோகம் தமிழில் அடைந்த கதியைப்போன்றதே இதுவும். முழுநேர உத்தியோகம் முழு மிஸ்ரா. பாதிநேரம் எனில் அரை மிஸ்ரா. 1948இல் அமைந்த இஸ்ரவேல் அரசாங்கம் தன் பெயருக்குக் கொண்டது கிதியோன் மறுத்த ‘மெம்ஷாலா’வை, அதன் அலுவலகங்களில் எழுத்தர் ஒருவர் காலையில் சென்று மாலையில் திரும்புவதற்குப் பெயர் ‘மிஸ்ரா’.